திரைக்கு அந்தப் பக்கம்

மாத்தளை தியேட்டரில் படம் தொடங்குமுன் விழுகிற விளம்பர சிலைட்டுகளைக் கண்ணாடியில் எழுதுகிறவர் பலீல். கலேவெலப் பலசரக்குக் கடையின் பெயரைக்கூட நிழல் போட்டு, வால் இழுத்து, மாப்பிள்ளை மாதிரிச் சோடித்துவிடுவார். அப்படிப்பட்ட கையை முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அடக்கிக்கொண்டார் என்றால் சும்மா இல்லை. அந்த வகுப்பின் ஆசிரியர் ஜுனைதீன் சேர் எங்கிருந்தோ ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கி வந்து கேட்டதும், ஒரு கண்ணாடிக்கு ஒரே சொல்லாக, தடித்த கோட்டில், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதிக் கொடுத்தார். மத்ரஸா மண்டபத்தில்தான் மின்சாரம் இருந்தது. ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் பிரித்து அங்கே எப்போதும் தொங்குகிற மெல்லிய வெள்ளைத் துணியே திரையாயிற்று. பலீல் புரொஜெக்டருக்குப் பின்னால், பையன்களின் கடைசி வரிசையில் குந்தியிருந்து பார்த்து, மங்கலாகத் தெரிந்ததையெல்லாம் அழித்து மறுபடி எழுதினார். அவருடைய மகள் ஸுலைஹாவும் அந்த வகுப்புத்தானே.

மூன்று மாதம் கழித்து சேர் வீட்டுக்கு வந்தார்.

"பொடியன்மார் கரும்பலகையிலயும் வாசிக்கிறாங்க. பொம்புளப் புள்ளைகள் ஒம்பதுக்கும் ஒரு எழுத்தும் தெரியா. திரையில மட்டும் சத்தமா செல்லுதுகள். பொடியன்மார் செல்றதக் கேட்டு ஒப்பிக்குதுகள் போல. ஒங்க மகளும்தான். அடுத்த வருஷமும் முதலாம் வகுப்புலேயே இருக்கட்டும்."

பலீலுக்குச் சுருக்கென்றது. எழுத்துத் தேவைப்பட்டபோது இனித்த சினிமாக்காரன் இப்போது கசக்கிறானா? தன் படிப்பித்தலின் குறையை மனுஷன் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறார் என்றே அவருக்குப் பட்டது. சேரின் சாந்தமான முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடியது.

சேர் போனதும் மகளைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த ஒரு கண்ணாடியை நீட்டினார். 'பட்டம்' என்று எழுதியிருந்தது. ஸுலைஹா வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியை முன்பின்னாகத் திருப்பினாள். வலது ஓரத்தில் விரலை வைத்து இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே, "பட்டம்" என்றாள்.

பலீல் அதைப் பிடுங்கி நேராக வைத்தார். அவள் வாயே திறக்கவில்லை. குறும்பு பண்ணுகிறாளா, அல்லது சேர் சொன்னதுதான் சரியா? எரிச்சலில் அவள் கையில் ஒன்று போட்டார். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

"அங்க இப்படியில்ல வாப்பா விழுது," என்று விசும்பினாள்.

அந்தச் சொல் அவரை உறங்க விடவில்லை. மறுநாள் வகுப்பு நேரத்தில் மத்ரஸாவுக்குப் போய், துணியை விலக்கி, பெண் பிள்ளைகளின் பக்கம் குந்தினார். விளக்கு எரிந்தது. தன் கை எழுத்தை அவராலேயே வாசிக்க முடியவில்லை. எல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற எழுத்து மாதிரி இடம் வலமாக மாறிக் கிடந்தது.

"சேர், பொடியன்மார கொஞ்சம் சும்மா இருக்கச் செல்லுங்க. சிலைட்ட வரிசை மாத்தி மாத்திப் போடுங்க," என்றார்.

போட்டார். ஒன்பது பெண் பிள்ளைகளும் வலது ஓரத்தில் தொடங்கி, ஒரு சொல் பிழையில்லாமல் இருபது சிலைட்டையும் வாசித்தார்கள். சேர் புரொஜெக்டரை அப்படியே விட்டுவிட்டு, முதல் தடவையாகத் துணியின் இந்தப் பக்கம் வந்தார். திரையைப் பார்த்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுகள் எல்லாம் மேல் வகுப்புக்குத்தான்," என்றார்.

"ஏன் மகள் செல்லல்ல, எழுத்து இடம் வலமா மாறி ஈக்கிதுன்னு?" என்று பலீல் கேட்டார்.

"காலையில ஓதுற அரபுக் கிதாபும் வலப் பக்கத்திலேருந்துதானே வாப்பா," என்றாள் ஸுலைஹா.

பலீலுக்கு வெட்கமாக இருந்தது. தான் அடித்திருந்த அவள் கையை எடுத்துத் தடவினார். அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாகக் கேட்டாள்:

"இனி எந்தப் பக்கத்திலேருந்து வாசிச்சா அடிக்க மாட்டீங்க?"