லோராவுக்கு மாப்பிள்ளை விசாரித்த கதை

ஒரு காலத்தில் பிக்கரிங் தியாகலிங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரொறன்ரோவில் எந்தத் தமிழ்க் கல்யாணமும் ஒப்பேறியதில்லை. மாப்பிள்ளை குடிப்பாரா, தாய்க்காரி வாய்க்காரியா, எல்லாம் மனுசனுக்கு அத்துப்படி. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சம்பந்தப்பட்ட வீட்டுக்கு ஒருநாளும் போன் அடிக்கமாட்டார். எதிர்வீட்டுக்காரருக்கு அடிப்பார், அந்தக் குடும்பத்துக்கு முன்னமே பெண் கொடுத்தவருக்கு அடிப்பார். ஐந்து பேரைக் கேட்பார், ஐந்தும் ஒத்துவந்தால்தான் தலையாட்டுவார்.

சொந்த மகள் நிலாணிக்கு மாப்பிள்ளை எடுத்தபோது ஐந்தல்ல, ஏழு பேரை விசாரித்தார். ஏழு பேரும் "நல்ல பிள்ளை, ஒரு குறையும் இல்லை" என்றார்கள். அந்த நல்ல பிள்ளை மூன்றாம் மாதமே அறைக் கதவை உதைத்து உடைத்தது. பதினோராம் மாதம் நிலாணி ஒரு சூட்கேசோடு வந்து நின்றாள். அப்பாவை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவர் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பார். அன்றைக்கு விசாரிப்பை விட்டவர்தான், ஆறு வருடமாகிவிட்டது.

இப்படியிருக்க, ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை நிலாணி ஸ்ரௌவ்வில் குதிரைப் பண்ணையிலிருந்து வந்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு குதிரைப் படங்களை வைத்தாள்.

"அப்பா, லோராவுக்கு ஒரு மாப்பிள்ளை வேணும். விசாரிச்சுத் தாங்கோ."

லோரா அவளுடைய குதிரை. ஜெர்மன் வம்சம், தடை தாண்டும் போட்டிகளில் கிண்ணம் கிண்ணமாக வாங்கியது. இப்போது வயது பதினெட்டு. இந்தப் பருவம் தப்பினால் இனிக் குட்டி இல்லை என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். பிரிந்து வந்த காலத்தில் நிலாணியைத் திரும்ப மனுசியாக்கியது அந்தக் குதிரைதான். அதன் குட்டி ஒன்று அவளுக்கு வேண்டும்.

தியாகலிங்கம் படங்களை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார். "நான் உதெல்லாம் விட்டிட்டன், பிள்ளை. என்ர விசாரிப்பின்ர லட்சணம் உனக்குத் தெரியாதே?"

"தெரியும். ஆனா விக்கிறவை எல்லாக் குதிரையும் தங்கம் எண்டுதான் எழுதுவினம். உங்களை மாதிரித் தோண்டிக் கேக்க எனக்கு வராது. வெள்ளிக்கிழமைக்குள்ளை சொல்லவேணும்."

"மாப்பிள்ளையள் எங்கை இருக்கினம்?"

"ஒராள் ஒல்லாந்து, மற்றாள் ஜெர்மனி. அவை வரமாட்டினம். விந்தை உறையவைச்சுப் பெட்டியிலை அனுப்புவினம்."

குசினிக்குள் நின்ற அவர் மனைவி கமலாம்பிகை, "மாமியார் கரைச்சலும் இல்லை. குடுத்துவைச்ச குதிரை," என்றாள்.

அன்று பின்னேரமே பழைய விசாரிப்புக் கொப்பி வெளியே வந்தது. மனுசன், விந்து விற்கிறவர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அந்த இரண்டு குதிரைகளுக்கும் பிறந்த பிள்ளைகளை வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்து, கலிடனுக்கும் அல்பேர்ட்டாவுக்கும் போன் அடித்தார். பிள்ளைகள் ஆட்களோடு எப்படி, கைகால் சுகமா, தாயைப் போலவா தகப்பனைப் போலவா என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். வெள்ளைக்காரர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு பேச்சை நிறுத்தவில்லை. அல்பேர்ட்டாவில் ஒரு மனுசி தன் மருமகளைப் பற்றியும் சேர்த்துச் சொல்லி அழுதாள்.

வியாழக்கிழமை மகளை இருத்தி வைத்துச் சொன்னார். "உந்தக் கறுவல் இருக்கே, கிராந்தால், அவன்ர பிள்ளையளுக்கு அஞ்சு வயசிலை முழங்கால் வீங்குதாம். மூண்டு பேர் சொல்லிப்போட்டினம். சிவலை பெல்வடோருக்கு அஞ்சு பேரும் ஒரே சொல்லு. நல்ல பிள்ளையள், ஒரு குறையும் இல்லை."

"அப்ப பெல்வடோர்."

"அவன் கூடாது. கறுவலைத்தான் எடுக்கவேணும்."

வம்சப் பட்டியலை விரித்தார். சிவப்புப் பேனையால் கோடு கோடாக இழுத்திருந்தது. "இஞ்சை பார். ஆறாந் தலைமுறையிலை ஒரு கிழவி. லோராவும் பெல்வடோரும் அந்தக் கிழவியின்ர ரெண்டு பெட்டையளின்ர வழி. அக்கா தங்கச்சி பிள்ளையள். அவன் இவளுக்கு அண்ணன் முறை. கறுவல் எண்டால் அந்தக் கிழவியின்ர பெடியன்ர வழி, மச்சான் முறை. முழங்காலுக்கு எண்ணெய் பூசலாம், முறை பிழைச்சா என்னத்தைப் பூசுறது?"

நிலாணி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "அப்பா, குதிரைக்கு அண்ணன் ஏது, மச்சான் ஏது? ஆறு தலைமுறைக்கு அங்காலை ஒட்டினது ஒரு சொந்தமே?"

"சொந்தம் சொந்தம்தான்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "போன தரம் விசாரிச்சதும் நீங்கள், முடிவெடுத்ததும் நீங்கள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. இந்தத் தரம் விசாரிப்பு உங்கட, முடிவு என்ர."

ஆறு வருடமாக அவர் காத்திருந்த ஏச்சு அதுதான். "ஓம், பிள்ளை," என்றார்.

அடுத்த சித்திரையில் பெல்வடோருக்குப் பெண்குட்டி பிறந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கொள்ளை அழகு. ஆனால் ஆடி மாதத்துக்குள் அது லாடக்காரரைக் கடித்தது, வேலியைக் கடித்தது, கமலாம்பிகையின் கைப்பையைக் கடித்தது. தடவிக்கொடுக்கப் போன தியாகலிங்கத்தின் மணிக்கட்டிலும் பல்லைப் பதித்தது. "அஞ்சு பேர் சொன்னவை," என்று அவர் புலம்பித் திரிந்தார். நிலாணிக்கோ அது கடித்தாலும் செல்லம்தான்.

ஒருநாள் அவர் பண்ணையில் நிற்கும்போது போன் வந்தது. யூனியன்வில்லிலிருந்து ஷாமிலா என்று ஒரு பெண். தங்கள் குதிரைக்குப் பெல்வடோரைப் பார்க்கிறார்களாம்.

"அங்கிள், உங்கட குட்டி குணத்திலை எப்பிடி?"

தியாகலிங்கம் திரும்பிப் பார்த்தார். குட்டி மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பிள்ளை," என்றார். "ஒரு குறையும் இல்லை."

சொன்னதுதான் தாமதம், அவருக்கு உடம்பு கூசிப்போயிற்று. அந்த ஏழு பேரையும் பொய்யர்கள் என்று இத்தனை வருடம் திட்டியிருக்கிறார். அவர்களும் இப்படித்தான், ஒரு பிள்ளையை ஆசையோடு பார்த்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். நிலாணி சிரிப்பை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள்.

"போனை வைச்சிடாதேங்கோ, தங்கச்சி," என்றார். "கடிக்கும். நல்லாக் கடிக்கும். என்ர கையிலை இப்பவும் அடையாளம் கிடக்கு. ஒண்டு கேக்கட்டே? குட்டியை ஆர் வளர்க்கப்போறது?"

"என்ர மகள்தான், அங்கிள்."

"அப்ப போனை மகளிட்டைக் குடுங்கோ."