முன் சீட்டு

இருபத்தெட்டு வருஷம் படங்களில் இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டியே அவருக்கு நரை விழுந்துவிட்டது. நிஜத்தில் அவர் கட்சிக்காரர். குடிசைகளை இடிக்கிறார்கள் என்றால் முதல் ஆளாக ரோட்டில் உட்காருவார். அன்றும் மனைவியோடும் தோழர்களோடும் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வேனிலிருந்து இறங்கிய கான்ஸ்டபிள், அவர் முகத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துத் தொலைத்தான்.

அவ்வளவுதான். பாழாய்ப்போன உடம்பு தானாக எழுந்து நின்றது; வாய் பட வசனத்தில் அதட்டியது.

"என்னய்யா வேடிக்கை? எல்லாரையும் வண்டியில ஏத்து!"

ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்க யாரோட ஆளு?"

நடுரோட்டில் அவர் மட்டும் நின்றார். தான் பிடிபட்டவரா, பிடித்துக் கொடுத்தவரா? ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஓடிப்போய் வேனின் பின்கதவைத் தட்டினார்.

"என்னையும் ஏத்துங்கப்பா, நானும் போராட்டக்காரன்தான்!"

கான்ஸ்டபிள் பதறிவிட்டான். "ஐயோ, நீங்க போய் பின்னாடியா சார்?" என்று முன்கதவைத் திறந்து பிடித்தான்.

வேறு வழி தெரியாமல் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஸ்டேஷனுக்குப் போலாமா சார்?"

என்ன சொல்வதென்று அவர் யோசிப்பதற்குள் தலை 'போலாம்' என்று ஆடிவிட்டது.