வலது பக்கம் வந்த ஆண்ட்பிரேக்

எல்லாரும் எப்டி கீறீங்க, ஒடம்பு கிடம்பு பரவால்லயா? இந்தப் பனியில சளி புடிச்சி படுத்துகினு கீறவங்க சுடுதண்ணி வச்சிக் குடிங்க, குடிச்சிகினே இத்தப் படிங்க. சாலவாக்கத்துப் பக்கம் கனகான்னு ஒருத்தியோட கத இது.

அன்னிக்கி காலைல கனகா வாசல்ல கோலம் போட்டுட்டு இடுப்பப் புடிச்சிகினு நிமிந்தா, காருக்கு அடியில ரெண்டு காலு நீட்டிகினு கீது. புருசன் கன்னியப்பன் காலு. பம்புசெட்டு மோட்டாருக்கு காயில் கட்டுறவரு அவரு, முப்பது வருசமா அதான் தொழிலு. பழைய இரும்புக்குப் போக வேண்டிய சின்ன காரு ஒண்ண வாங்கியாந்து, இஞ்சினத் தூக்கிப் போட்டுட்டு மோட்டாரும் பேட்டரியும் வச்சி, கியரே இல்லாத காரா பண்ணிக்கீறாரு. கனகாவுக்கு முட்டி வலி, டவுன் பஸ்ல படி ஏற முடியல. அதுக்குத்தான், "ஒன்ன மகாராணி கணக்கா உக்கார வச்சி உத்திரமேரூருக்கு இட்டுகினு போறேன்"னு ரெண்டு வருசமா சொல்லிகினு கீறாரு. தெரு ஏரிப் பக்கமா சரிவா போவும். காரு சறுக்கிக்காம பின் டயருக்கு ஒரு கருங்கல்லு அண்டக் குடுத்து, கோலத்துக்கு ரெண்டு வெரக்கடை மேல நிக்கிது.

"இன்னா பண்றய்யா காலங்காத்தால?"

"ஆண்ட்பிரேக் கேபிளு நீளமா பூடுச்சி. கொறைக்கணும்."

"நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சே."

"கம்பிய எடம் மாத்திட்டேன்."

கனகா எட்டிப் பாத்தா. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருந்த ஆண்ட்பிரேக் கம்பி அங்க இல்ல. ஓட்றவரோட வலது கைக்கு, கதவோரமா ஆங்கில் வச்சி போல்ட்டு போட்டு நிக்கிது. "ஏன்யா மாத்துன?"ன்னு கேட்டா, "நீ காலு நீட்டி உக்காரத்தான்"னாரு. கனகாவுக்கு அது தொண்டைல எறங்கல. கட்டுன காலத்துல இருந்து ஒரு நாளும் அவ காலு எங்க நீட்றான்னு பாக்காத மனுசன். இப்ப இன்னா புதுசா அக்கற?

வலது கையாலயே இழுக்குற பிரேக்கு யாருக்கு ஓணும்? எடது கை இல்லாதவங்களுக்குத்தான? இந்த ஊருல எடது கை இல்லாதது யாரு? நெல்லு அடிக்கிற மிஷினு பெல்ட்டுல ஏழு வருசத்துக்கு முன்ன கைய வுட்டவ ஒருத்திதான். காலனி சுகிர்தா. புருசன் செத்துப் போனவ, நாப்பது வயசு கூட ஆவல.

போன வாரம் பக்கத்து வூட்டு சொக்கம்மா வேற வந்து பத்த வச்சிட்டுப் போயிருந்தா. "ஒன் வூட்டுக்காரரு சுகிர்தா வூட்டு வாசல்ல சேரு போட்டு உக்காந்துகினு கீறாருடி. சட்டையக் கயட்றாரு, மாட்றாரு, மறுபடி கயட்றாரு. இன்னா வேண்டுதலோ." கனகா அத்த நம்பல. நம்பலன்னு சொல்லிகினே மூணு நாளு தூங்கல. ஒவ்வொண்ணா நெனப்பு வந்துச்சி. பொத்தான் வச்ச சட்டையெல்லாம் மூட்ட கட்டிட்டு காலேஜ் பையனாட்டம் டீசர்ட்டு போட்றாரு. லுங்கி போயி எலாஸ்டிக் பேண்ட்டு வந்துச்சி. டிவிஎஸ் வண்டியத் தொட்றதில்ல, பஞ்சருன்றாரு, ஒரு மாசமாவா பஞ்சரு? எப்பப் பாரு எடது கை பேண்ட்டு ஜோபியிலயே கீது. உள்ள இன்னொரு போனு வச்சிக்கீறாருன்னே கனகா முடிவு பண்ணிட்டா.

இப்ப காரும் அந்த சுகிர்தாவுக்கு ஏத்தாப்புல மாறிகினு கீது. கனகா கையக் கயுவிட்டு, "கடைக்கிப் போய்ட்டு வரேன்"னு கெளம்பிட்டா. முட்டி வலிய எங்க வச்சாளோ தெரியல.

காலனித் தெருவுல அவ காலு வச்சி எத்தினி வருசம் ஆச்சோ. சுகிர்தா வாசல்ல அருவாமனைய காலால அமுக்கிகினு வெண்டக்கா அரிஞ்சிகினு இருந்தா. கனகாவப் பாத்ததும் எழுந்து, "க்கா, உக்காருங்கக்கா"ன்னா. கனகா உக்காரல.

"எங்க வூட்டுக்காரரு இங்க வராராமே."

"வராரு."

"வந்து சட்டையக் கயட்றாராமே."

சுகிர்தாவுக்கு குபீர்னு சிரிப்பு வந்துடுச்சி. கனகா மூஞ்சப் பாத்துட்டு அடக்கிகினா. "இன்னும் ஒங்க கிட்ட சொல்லலயா அவரு? ஐயோ. பைபிள் மேல கைய வச்சி யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிகினாருக்கா."

"இன்னாத்த சொல்ல மாட்டியாம்?"

சுகிர்தா கொடியில தொங்குன அவ பையன் சட்டைய ஒத்தக் கையால இழுத்து, உக்காந்து மடி மேல விரிச்சா. கை இல்லாத எடது தோள அந்தப் பக்கத்துச் சட்டக் கைக்குள்ள மொதல்ல வுட்டா, முதுவுப் பக்கம் சட்டைய வீசினா, அப்புறமா வலது கைய நொழைச்சா. "மொதல்ல வராத கைய உட்டுடணும்க்கா. நல்ல கைய மொதல்ல உட்டா மாட்டிக்கும். அவரு அத்த மாத்தி மாத்திப் பண்ணுவாரு. அத்தான் சொல்லிக் குடுத்தேன். நான் வேற ஒண்ணும் சொல்லல, ஆமா."

கனகா அந்தச் சட்டையவே பாத்துகினு நின்னா. போன மாசம், காயில் கம்பி வாங்கப் போறேன்னு காஞ்சிபுரத்துக்குப் போயி ரெண்டு நாளு வராம இருந்தாரே. கம்பியே வாங்கியாரலயே. ஆசுபத்திரியிலதான் கெடந்துருக்காரு. ஜோபி உள்ள போனு இல்ல, வராத கைதான் இருந்துருக்குது.

"சோறு துன்னுட்டுப் போங்கக்கா" என்ற சத்தம் பின்னால வந்துச்சி. கனகா திரும்பிப் பாக்காம நடந்தா.

வூட்டாண்ட வந்தா, கன்னியப்பன் வெளிய வந்து உக்காந்துகினு, கேபிள செங்கல்லு மேல வச்சி காலாலத்தான் மிதிச்சிகினு கீறாரு. வெட்ற எடத்துல ஈயம் காய்ச்சி ஊத்திக்கீது, இல்லன்னா வெட்டுனதும் கம்பி நூலு நூலா பிரிஞ்சிக்கும். வலது கையில சுத்தி. உளி மட்டும் நிக்க மாட்டன்னு சரிஞ்சி சரிஞ்சி வியுது.

"உளிய அந்தக் கையால புடியேன்" என்றா கனகா.

"எந்தக் கை?"

"ஜோபில கீற கை."

சுத்தி அப்டியே நின்னுச்சி. அவரு அவளப் பாக்கல, ஏரிப் பக்கம் பாத்தாரு. "நீ புடி கனகா"ன்னாரு. அவ உக்காந்து புடிச்சா. நாலே அடி. நாலு வெரலு நீளத்துக்கு ஒரு துண்டு தனியா வியுந்துச்சி. முனைய காருல மாட்டி ரெண்டு கிளிப்பு போட்டாரு, அவ புடிச்சிகினா, அவரு நட்ட முறுக்குனாரு. 

அப்புறம் அவரு சீட்டுல ஏறி உக்காந்து கதவோரக் கம்பிய இழுத்தாரு. டக் டக்குனு நாலு பல்லு ஏறுன சத்தம். எடது கை ஜோபிய விட்டு வெளிய வந்து அவரு மடி மேல கீது, யாரோ மறந்து வச்சிட்டுப் போன மாதிரி, உள்ளங்கை மேல பாத்துகினு.

"டாக்டரு வண்டி ஓட்லாம்னாரா?"

"கல்ல எடு கனகா."

"கேட்டதுக்கு பதிலு சொல்லு. ஓட்லாம்னாரா?"

"பிரேக்கு புடிக்கிதா பாப்போம். எடு."

கண்ணாடியில அவரு கண்ணு மட்டும் தெரியிது. கனகா முட்டியப் புடிச்சிகினு குனிஞ்சி கருங்கல்ல உருவுனா. காரு ஒரு மொனகு மொனகுச்சி. டயருக்கும் காலைல போட்ட கோலத்துக்கும் நடுவுல ரெண்டு வெரக்கடைதான். அந்த வெள்ளக் கோட்டு மேல வச்ச கண்ண எடுக்காம, கல்ல கீழயும் வைக்காம, ரெண்டு கையாலயும் புடிச்சிகினு அவ நின்னுகினு கீறா.

ஒங்க வூட்லயும் யாராவது ஒடம்புக்கு வந்தத மூடி வச்சி, நீங்க வேற ஒண்ண நெனச்சிகினு தெருத் தெருவா போயிருந்தா, அத்த கீழ எழுதுங்க. அந்தக் கல்ல நீங்களா இருந்தா எடுத்துருப்பீங்களான்னும் சொல்லுங்க.