முத்தலிப் தட்டிப் பார்த்த கொக்கி

1

இந்தக் கதை பிறந்தது என் சமையலறையில். சிங்கப்பூரில், மார்சிலிங்கில் தனியாக இருக்கிறேன். கப்பல் பட்டறையில் இரும்புக்குள் விரிசல் உண்டா என்று, எதையும் உடைக்காமல், கருவி வைத்துச் சோதிப்பது என் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பையைக் கரண்டியால் தட்டினேன். டொக்கென்றது. "விரிசல் விட்டிருச்சு" என்று சத்தமாகவே சொன்னேன். வீட்டில் கேட்க ஆளில்லை. அதனால் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 1908ஆம் ஆண்டு, சிங்கப்பூர்த் துறைமுகத்தின் மீது கதிரவன் தன் பொற்கதிர்களை...

வேண்டாம். மூட்டை தூக்குகிறவன் வெயிலை அப்படிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது: அப்துல் முத்தலிப்புக்குக் காது கேட்காது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இது போதும். (இப்போது உங்களுக்கும் தெரியும். யாரிடமும் உளறிவிடாதீர்கள்.)

3

அதே துறைமுகத்தில் பாரந்தூக்கும் கொக்கிகளைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்து நல்லது கெட்டது சொல்வது முத்தலிப்பின் வேலை. கணீரென்றால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். அதற்கு முன் பத்து வருடம் கொதிகலன்களுக்குள் உட்கார்ந்து ஆணி அடித்ததில் காது கொஞ்சங்கொஞ்சமாகப் போயிற்று. தெரிந்தால் ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். ஆகவே ஒரு வருடமாகக் கைக்கு வரும் அதிர்வை வைத்து ஒப்பேற்றுகிறார். தட்டுவார், தலையைச் சாய்ப்பார், "நல்லாருக்கு" என்பார். [இந்த இடத்தில் 'அயோக்கியன்' என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். இன்னும் முடிவாகவில்லை.]

அந்தக் கொக்கிகளின் கீழே நின்று பாரத்தைக் கட்டுகிறவர் சிலுவைராஜ். முத்தலிப்போடு வாய் ஓயாமல் பேசும் ஒரே ஆள். தினமும் மதியம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். முத்தலிப்பின் காதில் தெளிவாக விழுந்த அவருடைய கடைசி வாக்கியம் இது: "பாய், உங்க மீன் ஆணத்த மோந்துக்கிட்டே ஒரு சட்டி சோறு திங்கலாம்!"

அதற்குப் பிறகு வெறும் தலையாட்டல்தான். போன மாதம் ஒருநாள் சிலுவைராஜ் பேசிக்கொண்டே அழுதார். முத்தலிப் அதற்கும் தலையாட்டினார்.

எதற்காக அழுதார்? ஊரில் அவருடைய

எழுத வரவில்லை. முத்தலிப்புக்கே தெரியாததை நான் எங்கே போய்த் தேடுவது?

4

அன்று ஒரு கப்பலுக்குள் புதுக் கொதிகலனை இறக்க வேண்டும். காலையில் பெரிய கொக்கியைத் தட்டினார் முத்தலிப். அதிர்வு கைக்குச் சரியாகப் படவில்லை. வேலையை மேற்பார்க்கும் வெள்ளைக்காரத் துரை எதிரிலேயே நின்றார். பயத்தில் "நல்லாருக்கு" என்றுவிட்டார்.

சோற்று வேளைக்குப் பிறகு தூக்குவதாக ஏற்பாடு. முத்தலிப்புக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய்க் கொக்கியில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டார். அழுத்தித் துடைத்தார். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து மேலே பூசினார். நாகப்பட்டினத்து ரயில் பட்டறையில் சக்கர அச்சுகளுக்கு இப்படிச் செய்து பார்த்திருக்கிறார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய், காய்ந்த சுண்ணாம்பில் கசிந்து கோடாகத் தெரியும்.*

* நானும் சாயம், வெள்ளைப் பொடி என்று இதையேதான் செய்கிறேன். சம்பளம்தான் கூட.

ஒரு முடிவு: கோடு வரவில்லை. எல்லோரும் பிழைத்தார்கள். முத்தலிப் இன்னும் இருபது வருடம் தலையாட்டினார். இதை எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

இன்னொரு முடிவு: கொக்கி முறிந்து சிலுவைராஜ்... மாட்டேன். முத்தலிப்புக்கு இருப்பது அந்த ஒரே ஆள்.

5

கோடு வந்தது. மயிரிழை அளவு.

முத்தலிப் துரையிடம் போகவில்லை. சிலுவைராஜின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

"இதுக்குக் கீழ நிக்காதே சிலுவை. காலையில நான் சொன்னது பொய். எனக்குக் காது கேக்காது. ஒரு வருஷமாச்சு. நீ சொன்ன ஒண்ணுமே என் காதுல விழல. அன்னைக்கு அழுதியே, அதுவும்தான்."

சிலுவைராஜ் கோட்டைப் பார்த்தார். முத்தலிப்பைப் பார்த்தார். சிலுவைராஜின் வாய் அசைந்தது.

முத்தலிப் இந்தத் தடவை தலையாட்டவில்லை. உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்திலேயே நின்று எழுதிக்கொண்டிருந்த எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். இவ்வளவு நேரம் நான் பேசப் பேசத் தலையாட்டினீர்களே, சொல்லுங்கள்: சிலுவைராஜ் என்ன சொன்னார்?