அழுக்குக்கு ஒரு திறப்பு விழா

கல்லூத்துக்களம் பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீர் பச்சையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் தலைமையாசிரியர் மரிய ஜோசப்புக்குக் கோபம் வந்துவிடும். "பச்சையா? லேசா ஒரு மரகதச் சாயல், அவ்வளவுதான். இயற்கைச் சூழல்ல இருக்கிற பள்ளிக்கு அது ஒரு அழகு" என்பார். அவருடைய மேசையில் கேன் தண்ணீர் இருக்கும். அதில் சாயல் எதுவும் கிடையாது.

ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். கொடிக்குப் போட்ட உரம் மழைக்குக் கரைந்து குளத்தில் வந்து சேரும். அதைத் தின்று பாசி கொழுக்கும். குளத்தங்கரைக் கிணற்றிலிருந்துதான் பள்ளித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது. முடிந்த பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். முடியாததுகள் குழாயில் வாயை வைக்கும். ஆவணி மாதம் இரண்டாம் வகுப்பில் ஒரே வாரத்தில் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. அதில் சொர்ணலதா என்ற சிறுமிக்கு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. அவளுடைய அக்கா யுவராணி அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தங்கச்சியின் கையில் ஊசி குத்திய இடம் வீங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஊருக்குத் திரும்பியதும் நேரே அறிவியல் டீச்சர் சகாயராணியிடம் போய் நின்றாள்.

"டீச்சர், பாசித் தண்ணிய நாமளே வடிகட்ட முடியுமா?"

"முடியும். ஆனா பொறுமை வேணும்."

"அது கிங்ஸ்லிகிட்ட இருக்கு டீச்சர். மூணு வருசமா கணக்குப் பரீட்சையில பாஸாக முயற்சி பண்றான்."

வகுப்புத் தோழன் கிங்ஸ்லி இப்படித்தான் இதில் சேர்க்கப்பட்டான். கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் கெஞ்சி எண்ணெய் வந்த நீல ட்ரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். அடியில் ஜல்லி, அதன்மேல் பருமணல், அதன்மேல் கொசுவலையில் சலித்த பொடிமணல். பதினான்கு தடவை கழுவினார்கள். தண்ணீர் விழும் வேகத்தில் மணல் குழியாமல் இருக்க, யுவராணி வீட்டு இட்லித் தட்டு ஒன்று காணாமல் போனது. அதற்கு மேலே பாசியை முதலில் பிடிக்கத் தென்னை நார். அடியிலிருந்து மேலே வளைந்து வரும் ஒரு குழாய். மணலுக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி அதன் வாய் உயரத்தில் இருந்தது.

வேலை செய்வது இது எதுவும் இல்லை. மணல் மேல் நாளடைவில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வழுவழுப்பு படரும். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அங்கே குடியேறி, மேலிருந்து வருகிற பாசியையும் கிருமியையும் உட்கார்ந்து தின்னும். அது வளர இருபத்தோரு நாள். புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. பிள்ளைகள் "தோலு" என்றார்கள்.

"ஏலே, தோலுக்குச் சாப்பாடு போட்டியா?" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலிலேயே யுவராணி பிடித்துக்கொள்வாள்.

"போட்டேன் ஆத்தா. ஒரு குடம் குளத்துத் தண்ணி. எங்க வீட்டு ஆட்டுக்குட்டிய இப்படிப் பாத்திருந்தா இந்நேரம் ரெண்டு குட்டி போட்டிருக்கும்."

பத்தாம் நாள் குழாயில் வெளிறிய பச்சை. பதினைந்தாம் நாள் கஞ்சித் தண்ணீர். இருபதாம் நாள் காலை கிங்ஸ்லி ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடித்து, உயிரியல் புத்தகத்தை அதன் பின்னால் வைத்தான். எழுத்து தெரிந்தது. கமா கூடத் தெரிந்தது.

"யுவா! அடிக்குறிப்புத் தெரியுது பிள்ள!"

இரண்டு பேரும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று தெரியாமலே ஆறாம் வகுப்பு மொத்தமும் பின்னால் ஓடியது. சகாயராணி டீச்சர் உள்ளே சோதனை மருந்து பூசிய சின்னச் சின்னக் குப்பிகளில் தண்ணீரைப் பிடித்து வைத்தார். கெட்ட தண்ணீர் என்றால் மறுநாளுக்குள் குப்பி கறுத்துவிடும். தொட்டித் தண்ணீர்க் குப்பி தார் மாதிரி கறுத்தது. ட்ரம் தண்ணீர்க் குப்பி அப்படியே இருந்தது.

இதுவரை ட்ரம் பக்கமே வராத தலைமையாசிரியர் அன்று மத்தியானம் வந்தார். மாலைக்குள் அதற்கு "நுண்ணுயிர்வழிப் பசுமை நன்னீர்ப் புரட்சித் திட்டம்" என்று பெயர் வைத்தார். திட்டத்தின் நிறுவனர் என்று தன் பெயரையும், "உடன் உழைத்தோர்: மாணவர்கள்" என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரியையும் போட்டு அழைப்பிதழ் அடித்தார். மண்டலத்திலிருந்து முத்துக்குமரன் என்ற கூடுதல் இணை அலுவலர் வருவார். தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் அன்றைக்கே சின்னப் பிள்ளைகளின் குழாய்க்கு இணைப்பு. யுவராணிக்கு அழைப்பிதழில் அந்த இணைப்பு வரி மட்டும் போதும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பெரிய ஆட்கள் வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. வழியோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். பாதைக்கு இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவோம். விருந்தாளி அந்தக் கோட்டுக்கு நடுவே தும்மிக்கொண்டே வருவார். விழாவுக்கு முதல் நாள், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, மரிய ஜோசப் சார் கோட்டை மேற்பார்வை பார்த்துக்கொண்டே வந்தவர் ட்ரம்மின் மூடியைத் திறந்து, தென்னை நாரையும் இட்லித் தட்டையும் தூக்கிப் பார்த்தார். உள்ளே தோல் பளபளவென்று, நல்ல ஆரோக்கியத்தோடு படர்ந்திருந்தது.

"பஞ்சம்மா! இங்கன வா! என்ன இது, எருமைச் சாணி மாதிரி? இந்த அழுக்கையா அய்யாவுக்குக் காட்டப் போறோம்? தேச்சுக் கழுவு. மிச்சம் இருக்கிற பவுடரையும் போடு."

பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் பஞ்சம்மாள், "பிள்ளைக தொடக் கூடாதுன்னு சொல்லுச்சுக சார்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"பிள்ளைகளா தலைமையாசிரியர்?"

பஞ்சம்மாள் ஒரு வேலையைச் செய்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். மணலை வாரி வெளியே போட்டு, பவுடரைக் கலக்கி, மூன்று தண்ணீர் அலசித் திரும்பப் போட்டாள். ட்ரம் புதுப்பெண் மாதிரி இருந்தது.

காலையில் யுவராணி மூடியைத் திறந்தபோது பிளீச்சிங் வாடை மூஞ்சியில் அடித்தது. ஒரு குடம் ஊற்றினாள். குழாய் வழியாகக் கலங்கலாக, அதே பழைய மரகதம் இறங்கியது.

"செத்துப்போச்சுலே" என்றாள். கிங்ஸ்லி நேரே சகாயராணி டீச்சரிடம் ஓடினான்.

விசயம் தலைமையாசிரியருக்குப் போனது. அவர் ஒரு நிமிடம்தான் கலங்கினார். நிர்வாக அனுபவம் இருபத்தாறு வருடம்.

"பதறாதீக. என் ரூம்ல கேன் இருக்கு. ட்ரம்முக்குப் பின்னால வச்சு, டியூப் விட்டு, குழாயில சொருகிரு. மேல பட்டுத்துணிய மூடிருவோம். அய்யாவுக்குத் தேவை ஒரு டம்ளர். நமக்குத் தேவை ஒரு போட்டோ."

"அது ஏமாத்து சார்" என்றார் சகாயராணி டீச்சர்.

"டீச்சர், தண்ணி சுத்தமா இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்..."

"அப்புறம் என்ன ஏமாத்து?"

டீச்சர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் பட்டுத்துணி வந்தது.

அழைப்பிதழில் பத்து மணி என்று போட்டிருந்ததால் முத்துக்குமரன் அவர்கள் சரியாகப் பன்னிரண்டேகாலுக்கு வந்து இறங்கினார். கோட்டுக்கு நடுவே நான்கு தும்மல். மூன்று சால்வை. தலைமையாசிரியர் மைக்கில் பேசியதில் தண்ணீர் என்ற சொல் மட்டும் வரவில்லை, "நீர்மேலாண்மை" பதினோரு தடவை வந்தது. பிறகு விருந்தினர் குழாயைத் திருகினார். டம்ளரில் பளிங்கு மாதிரி விழுந்தது. குடித்தார். கண்ணை மூடினார். கேமரா அதைப் பிடித்துக்கொண்டது.

"ஆகா! மேகமலைச் சுனையில குடிச்ச மாதிரி இருக்கு. இந்த ருசி கேன் தண்ணியில வருமா?" என்று மைக்கிலேயே கேட்டார். கூட்டம் கைதட்டியது. "இப்பவே சின்னப் பிள்ளைகள் குழாய்க்கு இணைப்பைக் குடுங்க!"

ஓரமாக ரெஞ்சோடு காத்திருந்த பிளம்பர் எழுந்தார். அந்தக் குழாய்க்கு முன்னால் இரண்டாம் வகுப்பு வரிசையாக நின்றது. மூன்றாவதாகச் சொர்ணலதா. கையில் எவர்சில்வர் டம்ளர், ஊசி குத்திய இடத்தில் இன்னும் லேசான கறுப்பு. அக்காவைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள்.

கேனில் இருப்பது இருபது லிட்டர். அது தீர்ந்ததும் அந்த டம்ளரில் என்ன விழும் என்று யுவராணிக்குத் தெரியும். இப்போது வாயைத் திறந்தால் ட்ரம் குப்பைக்குப் போகும். அவளும் அதன் பின்னாலேயே போக வேண்டியதுதான். திறக்காவிட்டால்? மேடையில் ஏறிவிட்டாள்.

"அய்யா, நீங்க குடிச்சது கேன் தண்ணி."

மைக் திறந்தே இருந்தது. ஊரே கேட்டது.

மரிய ஜோசப் சார் பாய்ந்து வந்தார். "பிள்ள காலையில சாப்பிடல அய்யா. வெயில்... மயக்கம்..."

"நான் சாப்பிட்டேன் சார். நாலு இட்லி."

அதற்குள் கிங்ஸ்லி பட்டுத்துணியின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டான். ட்ரம்முக்குப் பின்னால் ஸ்டூலில், கம்பெனிப் பெயர் ஊரைப் பார்த்தபடி, கேன் அமர்ந்திருந்தது. தலைமையாசிரியரைவிட அது கம்பீரமாக இருந்தது.

விருந்தினர் கேனைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற டிரைவரிடம் மெதுவாகத்தான் கேட்டார். மைக்குக்கு அது போதும். "ஏப்பா, போன வாரம் மூணு ஊர்ல குடிச்சேனே, அதுவும் இப்படித்தானா?"

"தெரியல அய்யா. ஆனா மூணு ஊர்லயும் மேகமலைச் சுனைன்னுதான் சொன்னீக."

முன்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. முத்துக்குமரன் அவர்களின் முகம் சிவந்தது, வெளுத்தது. எல்லாரும் பயந்து பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரித்தா. நெசமான தண்ணி எங்க?"

"நேத்து வரைக்கும் வந்துச்சு அய்யா. நீங்க வாரீகன்னு சுத்தம் பண்ணிட்டாக." யுவராணி மூச்சு விடாமல் சொன்னாள்: தோல், இருபத்தோரு நாள், கறுக்காத குப்பி, அடிக்குறிப்பு. "அழுக்குன்னு நினைச்சுட்டாக அய்யா. அந்த அழுக்குத்தான் சுத்தம் பண்ணும்."

"மறுபடி வளருமா?"

"வளரும். மொதல்ல பிளீச்சிங் வாடை போகணும். முப்பது குடம் ஊத்தி விடணும். அப்புறம் இருபத்தோரு நாள் யாரும் கை வைக்கக் கூடாது. முக்கியமா யாரும் சுத்தம் பண்ணக் கூடாது."

திறப்பு விழாவுக்கு வந்தவர் எதையாவது திறக்காமல் போவது முறையில்லை. முத்துக்குமரன் அவர்கள் சால்வைகளை டிரைவரிடம் கொடுத்தார், முழுக்கைச் சட்டையை மடித்தார், பஞ்சம்மாளின் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கினார். "முதல் குடம் நான்."

அவ்வளவுதான். பட்டுச்சேலை கட்டி வந்த டீச்சர்கள், பெற்றோர் சங்கம், பிளம்பர், பேண்டு செட்டுக்காரர்கள் வரை தொட்டிக்கும் ட்ரம்முக்கும் நடுவே வரிசையாக நின்று குடம் கைமாற்றினார்கள். பேண்டுக்காரர் ஒருவர் ஒரு கையால் குடத்தை வாங்கி மறுகையால் மேளத்தைத் தட்டினார். கிங்ஸ்லி எண்ணினான்: "பதினெட்டு! சார், சிந்தாம குடுங்க சார்!" அவன் சார் என்றது தலைமையாசிரியரை. முப்பதாவது குடத்தில் அவர் முழுக்க நனைந்திருந்தார். ஆனாலும் மைக் கைக்குக் கிடைத்ததும் தேறிவிட்டார்: "நமது அய்யா அவர்கள் தமது பொற்கரங்களால் கோடானுகோடி நுண்ணுயிரிகளுக்கு வரவேற்பு அளித்த இந்தப் பொன்னாள்..."

அடுத்த நாள் காலைக் கூட்டத்திலேயே புதுப் பழக்கம் தொடங்கியது. திருக்குறள், செய்தி, அதற்குப் பிறகு தலைமையாசிரியரின் அறிக்கை: "இன்று முதலாம் நாள். தோல் நலமாக உள்ளது." ட்ரம்முக்குக் கம்பி வேலி போட்டார். "அழுக்கைத் தொடாதீர்" என்று பலகை வைத்தார். பஞ்சம்மாள் விளக்குமாற்றோடு பத்தடி தூரத்தில் போனால்கூட, "ஏய், அங்கன என்ன வேலை?" என்று கத்தினார். முதல் வாரம் தோல் நலமாக இருக்க அங்கே தோலே இல்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. யுவராணி தினமும் குடம் ஊற்றினாள், தினமும் கிளாஸில் பிடித்தாள், தினமும் புத்தகத்தைப் பின்னால் வைத்தாள். பதினாறாம் நாள் தலைப்பு தெரிந்தது. இருபத்தோராம் நாள் கமா.

தேனி ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீருக்குப் பரிசோதனைத் தாள் வர இன்னும் ஐந்து நாள் ஆனது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சகாயராணி டீச்சர் தாளை உயர்த்திப் பிடித்தபடி வராந்தாவில் ஓடி வந்தார். டீச்சர் ஓடி அந்தப் பள்ளி பார்த்ததே இல்லை. செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது.

"குடிக்கலாம்! குடிக்கலாம்னு எழுதியிருக்காக!"

கிங்ஸ்லி ஜன்னல் வழியாகவே குதித்துவிட்டான். பிளம்பர் வந்து அரைமணி நேரத்தில் இணைத்தார். இந்தத் தடவை பட்டுத்துணி இல்லை, மைக் இல்லை. தலைமையாசிரியர் பேசுவதற்கு ஒரு தாள் எடுத்து வந்திருந்தார். இரண்டாம் வகுப்பு அவரைச் சுற்றிக்கொண்டு நேரே குழாய்க்குப் போய்விட்டது.

சொர்ணலதா டம்ளரை நீட்டினாள். யுவராணி குழாயைத் திருகினாள். தங்கச்சி ஒரு வாய் குடித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"எப்படி இருக்குடி?"

"ஒண்ணுமே இல்லையேக்கா" என்றாள் அவள் ஏமாற்றத்தோடு. "வாடையும் இல்ல, ருசியும் இல்ல. சும்மா தண்ணியா இருக்கு."

யுவராணி அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சொர்ணலதா அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, காலி டம்ளரைத் திரும்பவும் குழாய்க்கு நேரே நீட்டினாள்.