முனியாண்டிக்கு இடமாற்றம்

மடுல்சீமைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனுக்கு லொறி வராததற்குக் காரணம் முனியாண்டி. பாதை குறுகும் வளைவில், சரியாக நடுவே, கண் வரைந்த ஒரு கல்லும் ஆளுயரச் சூலமுமாக நின்றார். அவரைத் தாண்டிக் காத்து கறுப்பு எதுவும் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வரக் கூடாது என்பது ஏற்பாடு. அதுவும் வரவில்லை, டாக்டரும் வரவில்லை.

1976இல் தோட்டத்தை நடத்திய துரை ரோட்டை லயம்வரை நீட்டச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வளைவு காலியாக வேண்டும். பூசாரி சின்னராசா முடியாது என்றார். எல்லைச்சாமியையே நகர்த்திவிட்டால் எல்லை யாருக்குக் கட்டுப்படும் என்று கேட்டார்.

அவர் மனைவி ராசம்மாவுக்கு எட்டு மாதம். போன தடவை அவளைக் கம்பளியில் தூளி கட்டி இரண்டு மைல் சுமந்தார்கள். லொறி நின்ற இடத்தை அடைவதற்குள் பிள்ளை போய்விட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பூசாரி கொஞ்சம் இறங்கி வந்தார். முனியாண்டி காவல்காரர், போட்ட இடத்தை விட்டுத் தன் இஷ்டத்துக்கு நகர மாட்டார், அவருக்கு உத்தரவு போட இங்கே ஆள் இல்லை என்றார்.

"அவர அங்க போட்டது யாருங்க?" என்றாள் ராசம்மா.

முதன்முதல் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்த பெரிய கங்காணி என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப கங்காணி சொன்னா கேப்பாருல்ல. நாளைக்குப் பெரட்டுல பேரக் கூப்புடச் சொல்லுங்க."

விடியற்காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில், கங்காணி இராசையா கொழுந்துக்கு, கவ்வாத்துக்கு, கான் வெட்டுக்கு என்று ஆள் பிரித்து முடித்தார். பிறகு, துரைக்கு மட்டுமே கழற்றும் தலைப்பாகையைக் கழற்றி, "முனியாண்டி" என்று கூப்பிட்டார்.

பெரட்டில் பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. சாமிக்கென்று தனிச் சட்டம் எதுவும் கங்காணியின் முகத்தில் தெரியவில்லை. சின்னராசா தரையைப் பார்த்தார். ராசம்மாவைப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"வந்திருக்காருங்க."

"இன்னையிலேருந்து மேல் லயத்து முக்குல காவல்."

சூலத்தையும் கல்லையும் பிடுங்க நாலு பேர் போனோம். ஒன்பது பேர் வேண்டியிருந்தது. சாமிக்கு மனசில்லை என்று யாரோ ஆரம்பிக்க, மண் இறுகிப்போச்சு என்று பூசாரியே அடக்கினார். புது இடத்தில் சேவல் அறுத்து, சுருட்டுப் பற்றவைத்த பிறகு, முகம் எந்தப் பக்கம் என்று வாதம் கிளம்பியது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற ராசம்மா, ரோட்டுப் பக்கம் திருப்பச் சொன்னாள்.

"வண்டி வருதான்னு அவருதான மொதல்ல பாக்கணும்."

கீழே வளைவில் பாதையை நெருக்கிய பாறைக்கு முதல் வெடி வைத்தார்கள். எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. முனியாண்டி அசையவில்லை.