இடது கைப் பகடை

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. வாரம் முழுக்க அடுத்தவர் கூப்பிடும் மாடிக்கெல்லாம் ஓடுகிறவர், ஞாயிறு சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு வாள் ஏந்திய மாவீரன் ஆகிவிடுவார். விளையாட்டு இதுதான்: கதை சொல்வது நான். குகை, பூதம் எல்லாம் என் பொறுப்பு. இவர், இவர் தங்கை, மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர் மூவரும் கதையில் ஆளுக்கொரு பாத்திரம். வெட்டு விழுந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும்; எண் பெரிதாகப் பெரிதாக வெட்டு பலம், ஒன்று விழுந்தால் ஆயுதம் தன் மேலேயே. முறைக்கு ஒரு பகடை. இவருக்கு மட்டும் இரண்டு வாளுக்கு இரண்டு. அதையும் சும்மா உருட்ட மாட்டார். ஊதி, குலுக்கி, நெற்றியில் ஒற்றி, ஒரே ஆர்ப்பாட்டம்.

இவருடைய தங்கை, என் நாத்தனார், பல் டாக்டரிடம் நர்ஸ். கதையில் வைத்தியச்சி. அண்ணன் வெட்டி, அடி வாங்கி வருவார். அவள் கட்டுப் போடுவாள். இரண்டு வருடத்தில் ஒரு பூதத்தின் மேல் அவள் கீறல்கூடப் போட்டதில்லை. அவள் முறை வருவதற்குள் பூதம் செத்துக் கிடக்கும்.

போன மாதம் ஒரு நாள், டீ கப் கழுவும்போது சொன்னாள்: "அண்ணி, அடுத்த வாரத்தோட நான் நிறுத்திக்கறேன். அங்கயும் பஞ்சு எடுத்துக் குடுக்கறேன், இங்கயும் அதேதான்."

எனக்குத் திக்கென்றது. கல்யாணமாகி வேறு வீடு போனவள் அண்ணனோடு வாரத்தில் ஒரு நாள் உட்காருவதே அந்த மேஜையில்தான். அதுவும் போனால், பிறகு விசேஷ வீட்டில் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. இவரிடம் சொன்னால் "விளையாட்டுதானே" என்பார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். மறுநாளே கடையில் உட்கார்ந்து அடித்தேன்:

"விதி பதினேழு. இரண்டு ஆயுதம் வைத்திருப்பவரின் இடது கைப் பகடையை, அவருக்கு இடப்பக்கம் இருப்பவரே உருட்ட வேண்டும். வாய் திறந்து கேட்டால்தான் உருட்டுவார்."

அடித்ததோடு விடவில்லை, லேமினேட்டும் செய்துவிட்டேன். இனி யாரும் பேனாவால் திருத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை இவர் அதை இரண்டு தடவை படித்தார். கோளாறு தேடியே பழகிய கண். சத்தமில்லாமல் நாற்காலியை நகர்த்தி, மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர் தனக்கு இடப்பக்கம் வரும்படி உட்கார்ந்துகொண்டார். மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணுகிற நிதானத்தோடு உருட்டினார். மூன்று. அடுத்த முறை ஒன்று. வாள் மாவீரன் காலிலேயே விழுந்தது என்று தீர்ப்புச் சொன்னேன். பாவம், அந்த மனுஷர் நிஜமாகவே மன்னிப்புக் கேட்டார். இவர் மறுபடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, இடப்பக்கம் சுவர் வரும்படி போட்டார். சுவர் உருட்டும்வரை காத்திருக்கலாம், எனக்கு அவசரமில்லை என்றேன்.

மிச்சம் இருந்தது தங்கையின் பக்கம்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கதையில் பூதம் கதாயுதத்தை ஓங்கிவிட்டது. மாவீரனுக்கு மூச்சு மட்டும்தான் பாக்கி. இவர் வந்து உட்கார்ந்து, காற்றைப் பார்த்து "உருட்டு" என்றார். நான் லேமினேட்டை விரலால் தட்டினேன்.

"நீ உருட்டும்மா," என்றார் அவளைப் பார்த்து.

ஊதவில்லை, குலுக்கவில்லை. தட்டில் பஞ்சு போடுவதுபோல் பகடையைப் போட்டாள். இருபது.

பூதத்தின் தலை உருண்டது. இவர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி "பாத்தியா, நான்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். பகடையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"கொன்னது அவதான். அப்படியே எழுதிக்கோ," என்றார். எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வருவதைப் பற்றி அவள் மூச்சுவிடாமல் கிளம்பிப் போனாள். நானும் கேட்கவில்லை. வாரம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

ஞாயிறு மூன்றரைக்கே, சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத மனுஷர், அவள் நாற்காலியைத் துடைத்துத் தன் இடப்பக்கம் போட்டார். மணி நாலு. நாலேகால். அழைப்புமணி வேலை செய்கிறதா என்று பார்க்கிற சாக்கில் இரண்டு தடவை வாசலுக்குப் போய்வந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

நாலரைக்கு வந்தாள். தன் பாத்திரத்தின் விவரத்தைப் புதுத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: வைத்தியச்சி இடுப்பில் இரண்டு குறுங்கத்திகள். இவர் போட்ட நாற்காலியைத் தூக்கி வலப்பக்கம் போட்டுக்கொண்டாள். இவர் முகம் சுருங்கிப்போனது.

"ஏன், அங்க உக்காரமாட்டியா?"

"அங்க உக்காந்தா எனக்கு இடப்பக்கம் நீ எப்படி வருவே?" என்று என் லேமினேட்டைக் காட்டினாள்.

டீயைக்கூட ஊற்றாமல் நான் கதைக்குள் ஒரு ஓநாயை அவிழ்த்துவிட்டேன். வலது கைக்கு அவளே உருட்டினாள். இன்னொரு பகடையை நீட்டி, "அண்ணா, நீ உருட்டு," என்றாள்.

இவர் ஊத மறந்து உருட்டினார். ஒன்று. கத்தி அவள் காலிலேயே விழுந்தது. யாரும் சிரிப்பதற்குள் இவர் தன் இரண்டு வாளையும் கீழே போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"என் முறை வரட்டும். கட்டு நான் போடறேன்."